குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம்: தூக்கத்தில் மூச்சு நிற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

"அவரா? படுத்த அஞ்சு நிமிஷத்துல குறட்டை. குடுத்து வச்ச மனுஷன்!"

இந்தப் பேச்சைக் கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று அர்த்தம். இதுதான் காலங்காலமாக நாம் நம்பி வருவது. ஆனால் அதே ஆள் காலையில் எழுந்ததும் "தலை பாரமா இருக்கு, தூங்கின மாதிரியே இல்ல" என்கிறார். மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொக்குகிறார். எட்டு மணி நேரம் தூங்கியவருக்கு ஏன் இப்படி?

காரணம் அந்தக் குறட்டைக்குள்ளேயே இருக்கலாம். சத்தமான குறட்டை திடீரென்று நிற்கும். சில நொடிகள் ஒன்றும் கேட்காது. பிறகு மூச்சு முட்டினாற்போல ஒரு பெரிய செருமல், மறுபடியும் குறட்டை. அந்தச் சில நொடி மௌனம்தான் கவனிக்க வேண்டியது. அப்போது அவருக்கு மூச்சு போகவில்லை.

இதற்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தமிழில் தூக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். எனவே இந்தக் கட்டுரையை உங்களுக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் வீட்டில் குறட்டை விடுபவருக்காகவும் படியுங்கள்.

தொண்டைக்குள் என்னதான் நடக்குது?

தூங்கும்போது உடம்பின் தசைகள் எல்லாம் தளரும். நாக்கும் தொண்டைத் தசையும் கூடத்தான். சிலருக்கு அந்த இடம் ஏற்கெனவே குறுகலாக இருக்கும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம், டான்சில் வீங்கியிருக்கலாம், தாடை சற்று உள்வாங்கி இருக்கலாம், மூக்கடைப்பு இருக்கலாம். தசை தளர்ந்ததும் மூச்சுப்பாதை இன்னும் சுருங்குகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது தசை அதிர்கிறது. அதுதான் குறட்டைச் சத்தம். பாதை முழுவதுமாக மூடிக்கொண்டால் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை.

இந்தத் தடை 10 நொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் அதை ஒரு மூச்சு நிறுத்தம் என்று கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்பி விடுகிறது. முழுசாக எழுப்பாது, தொண்டைத் தசை இறுகும் அளவுக்கு மட்டும். மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது.

மூச்சு முழுதாக நிற்பதையும் பாதியாகக் குறைவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். 5 முதல் 14 வரை என்றால் லேசானது. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. யாராவது ஒருவர் ராத்திரி முழுக்க இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உங்களைத் தட்டி எழுப்பினால் எப்படி இருக்கும்? அதுதான் அவருக்கு நடக்கிறது.

ஒவ்வொரு தடவையும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. இதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் உயர் ரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடுகிறது.

வெறும் குறட்டையா, மூச்சுத்தடையா?

குறட்டை விடும் எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை இருப்பதில்லை. சளி பிடித்த நாளில் வரும் குறட்டைக்குப் பயப்பட வேண்டாம். கீழே இருப்பவற்றில் எத்தனை பொருந்துகிறது என்று பாருங்கள்.

இரவில் தெரிபவை:
- கதவை மூடினாலும் அடுத்த அறைக்குக் கேட்கும் குறட்டை
- குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பது, பிறகு திணறி எழுவது
- அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பது
- தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, புரண்டு புரண்டு படுப்பது

பகலில் தெரிபவை:
- எழுந்ததும் வாய் உலர்ந்திருப்பது, தலைவலி
- பேருந்தில், கூட்டத்தில், டிவி முன்னால் தன்னை அறியாமல் தூங்கிப் போவது
- எரிச்சல், மறதி, வேலையில் கவனம் நிற்காமை

பெண்களுக்கு இது சற்று வேறு மாதிரி வெளிப்படலாம். குறட்டையைவிட "எப்பவும் அசதி", "ராத்திரி தூக்கமே வரல", "காலைல தலைவலி" என்று சொல்வார்கள். வீட்டு வேலை, வயசு என்று காரணம் சொல்லி விட்டுவிடுவோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. கர்ப்ப காலத்தில் புதிதாகப் பலமான குறட்டை தொடங்கினால், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ மறக்காமல் சொல்லுங்கள். குறிப்பாக ரத்த அழுத்தமும் கூடியிருந்தால்.

எட்டுக் கேள்விகள், இரண்டு நிமிடம்

மருத்துவமனைகளில் முதல் கட்டமாகக் கேட்கும் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. 'ஸ்டாப்-பேங்' என்று பெயர். 2008-ல் கனடாவின் டொரன்டோ நகர மருத்துவர்கள் உருவாக்கியது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு 'ஆமாம்'-க்கும் ஒரு மதிப்பெண்.

1. பலமாகக் குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அடிக்கடி சோர்வாக, தூக்கக் கலக்கமாக இருக்கிறதா?
3. தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. உயர் ரத்த அழுத்தம் இருக்கிறதா, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
5. உடல் பருமன் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 35-க்கு மேலா? (165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு ஏறக்குறைய 95 கிலோவுக்கு மேல்)
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? (தையல் டேப்பால் அளக்கலாம்)
8. நீங்கள் ஆணா?

0 முதல் 2 வரை என்றால் வாய்ப்பு குறைவு. 3 அல்லது 4 நடுத்தரம். 5-ம் அதற்கு மேலும் என்றால் வாய்ப்பு அதிகம், தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும்: இந்தியர்கள் உள்ளிட்ட ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ. குறைவாக இருக்கும்போதே இந்தப் பிரச்சினை வரலாம். "நான்தான் குண்டா இல்லையே" என்று விட்டுவிட முடியாது.

மூன்றாவது கேள்வியைக் கவனித்தீர்களா? அதற்குத் தூங்குபவரால் பதில் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். தனியாகப் படுப்பவர்கள், விடுதியில் இருப்பவர்கள், துணையை இழந்த பெரியவர்கள் என்ன செய்வது? அதற்குத்தான் கையில் போன் இருக்கிறதே.

போனில் எடுங்கள், குரூப்பில் போடாதீர்கள்

குறட்டை வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரிப்பது பல வீடுகளில் வழக்கம். அதே வீடியோ மருத்துவரிடம் போனால் நிறைய உதவும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு எடுங்கள்.

- தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகோ, விடியற்காலையிலோ எடுக்கலாம். விடியற்காலை நேரத்தில் மூச்சுத்தடை அதிகம் தெரிய வாய்ப்புண்டு.
- முகமும் நெஞ்சும் தெரியட்டும். நெஞ்சு ஏறி இறங்கியும் மூச்சு வரவில்லை என்றால் மருத்துவருக்கு அது முக்கியமான தகவல்.
- மூன்று முதல் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் எடுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது ஒன்று, ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது ஒன்று இருந்தால் நல்லது.
- தனியாகப் படுப்பவர்கள் வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டுப் படுக்கலாம். பேட்டரி, நினைவகம் இரண்டையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுப்பவருக்கு ஒரு வார்த்தை: மூச்சு நின்றது போலத் தெரிந்தால் மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பொதுவாக மூச்சு தானாகத் திரும்பிவிடும். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சும் வராமல் இருந்தால் அது வேறு அவசரம். உடனே 108.

இதோடு ஒரு வாரத்துக்குப் போன் நோட்ஸில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், காலைத் தலைவலி, பகல் தூக்கம், கடைசி டீ எப்போது, மது அருந்தினீர்களா. மருத்துவர் முன்னால் உட்கார்ந்து யோசிப்பதைவிட இது சுலபம்.

தூக்கத்தை அளக்கும் செயலியும் ஸ்மார்ட் வாட்ச்சும் ஒரு குறிப்புத் தரலாம், நோயை உறுதி செய்யாது. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும். பகலில் விரலில் மாட்டி 98 காட்டினால் இரவிலும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. மூச்சு நிற்பது தூக்கத்தில்தானே.

சரி, எங்கே போவது?

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, தொண்டை ஆகியவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். தைராய்டு குறைபாடும் குறட்டையையும் சோர்வையும் கூட்டும் என்பதால் அதற்கும் சோதனை சொல்லக்கூடும். தேவைப்பட்டால் அரசு தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள். அங்கே காது-மூக்கு-தொண்டைப் பிரிவு அல்லது நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எந்தப் பிரிவு, எந்த நாளில் என்று சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள். வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச இ-சஞ்சீவனி செயலி இருக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருபவரிடமும் இதைச் சொல்லலாம். "மாத்திரை ஒழுங்கா போடுறேன், ஆனாலும் பிரஷர் குறையவே மாட்டேங்குது" என்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னால் தூக்க மூச்சுத்தடை இருப்பது அடிக்கடி காணப்படும் ஒன்று.

நோயை உறுதி செய்வது தூக்கப் பரிசோதனை. ஓர் இரவு முழுக்க நடக்கும். தலை, தாடை, நெஞ்சு, கால், விரல் என்று சில இடங்களில் உணர்கருவிகளை ஒட்டுவார்கள். மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். ஊசி இல்லை, வலி இல்லை. "இவ்வளவு வயர் மாட்டினா எனக்கெப்படி தூக்கம் வரும்?" என்று எல்லோருமே நினைப்பார்கள். ஆனாலும் பெரும்பாலும் தேவையான அளவுக்குத் தூங்கிவிடுகிறார்கள். சிலருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பரிசோதனை போதும் என்று மருத்துவர் சொல்லலாம். செலவு எவ்வளவு, காப்பீட்டில் வருமா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சிகிச்சை என்னென்ன?

நடுத்தரம், கடுமையானது என்ற நிலைகளில் முக்கியமான சிகிச்சை சி-பாப் என்ற கருவி. சிறிய இயந்திரம் ஒன்று, குழாய் வழியாக, மூக்கில் பொருத்திய முகமூடிக்குள் மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும். அந்தக் காற்று தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் இதை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்பு கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குக் கழுத்தில் துளையிடும் அறுவைச் சிகிச்சைதான் இருந்தது.

முதல் இரண்டு வாரம் பழகக் கொஞ்சம் கஷ்டம்தான். மூக்கு உலரும், முகமூடி உறுத்தும். "நமக்கு இது சரிப்படாது" என்று பெட்டியில் கட்டி வைத்துவிடாதீர்கள். முகமூடி அளவை மாற்றலாம், ஈரப்பதம் சேர்க்கலாம், பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகலாம். முகமூடியைத் தினமும் லேசான சோப்பு நீரில் கழுவுங்கள். மருத்துவர் காற்றழுத்த அளவைச் சொல்லும் முன்பு ஆன்லைனில் கருவி வாங்க வேண்டாம்.

மற்ற வழிகளும் உண்டு.

எடை: உடல் எடை கூடியவர்களுக்கு, எடையில் 10 சதவீதம் குறைத்தாலே மூச்சு நிறுத்தங்கள் கணிசமாகக் குறையும். 90 கிலோ உள்ளவருக்கு அது 9 கிலோ.

படுக்கும் நிலை: பலருக்கு மல்லாந்து படுத்தால்தான் பிரச்சினை. ஒருக்களித்துப் படுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை முட்டுக் கொடுத்தால் புரளாமல் இருக்கும்.

மதுவும் தூக்க மாத்திரையும்: இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். "நல்லா தூக்கம் வருது" என்று தோன்றும், ஆனால் மூச்சுத்தடை கூடும். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இங்கே ஆபத்து.

பல் கருவி, அறுவைச் சிகிச்சை: கீழ்த்தாடையைச் சற்று முன்னுக்குத் தள்ளும் பல் கருவி லேசான, நடுத்தர நிலையில் உதவும். மூக்கிலோ டான்சிலிலோ அடைப்பு இருந்தால் அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

இப்போது வீடியோக்களில் பரவும் ஒரு விஷயம், வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குவது. மூக்கடைப்போ மூச்சுத்தடையோ இருப்பவர் இதைச் செய்தால் விபரீதம் ஆகலாம். வேண்டவே வேண்டாம்.

வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் உங்களுக்கு இந்தப் பிரச்சினை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழந்தை குறட்டை விட்டால் ரசிக்காதீர்கள்

குழந்தைகளுக்கு இது அதிகமாக வருவது இரண்டு முதல் எட்டு வயதுக்குள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் பெரிதாவதே பொதுவான காரணம். வாயைத் திறந்தபடி தூங்குவது, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுப்பது, நிறுத்திய படுக்கை ஈரம் மறுபடி தொடங்குவது, காலையில் எழுப்பவே முடியாதது ஆகியவை அடையாளங்கள்.

பெரியவர்களைப் போலக் குழந்தை பகலில் தூங்கி வழியாது. துறுதுறுவென்று, அடங்காமல், எதிலும் கவனம் நிற்காமல் இருக்கும். பள்ளியில் "வால்", "படிப்பில் மந்தம்" என்று பெயர் வாங்கும் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது இரவு மூச்சாக இருக்கலாம். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை விட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடைத்த சதையை அகற்றினாலே பல குழந்தைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

எல்லா இரவு மூச்சுத்திணறலும் ஒன்றல்ல

விடியற்காலையில் இருமலும் 'வீசிங்' சத்தமும் வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கொசுவர்த்தி, ஊதுவத்திப் புகை அதைத் தூண்டும். அந்த வீட்டில் கொசுவலைதான் நல்லது. படுத்தால் மூச்சு முட்டுது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகுது, காலும் வீங்குது என்றால் இதயம் சம்பந்தப்பட்டிருக்கலாம். இதில் தாமதம் கூடாது. திடீர் மூச்சுத்திணறலுடன் நெஞ்சு வலி, உதடு நீலமாவது, ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசி முடிக்க முடியாமை இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வண்டி ஓட்டுகிறீர்களா?

லாரி, வேன், ஆட்டோ, பைக் எதுவானாலும், கண் சொக்கினால் ஓரமாக நிறுத்துங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது இதெல்லாம் தூக்கத்தை விரட்டாது. 15 முதல் 20 நிமிடம் தூங்குவது உதவும். கடந்து வந்த கடைசி சில கிலோமீட்டர் ஞாபகமே இல்லை என்றால் அது எச்சரிக்கை. இது அடிக்கடி நடந்தால் சோதனை முடியும் வரை நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். உங்கள் உயிரோடு எதிரே வருபவரின் உயிரும் இதில் இருக்கிறது.

நல்ல தூக்கத்துக்கு இன்றிரவே தொடங்கலாம்

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம்.

- தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான்.
- கடைசி டீ, காபி மதியத்தோடு முடியட்டும். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதன் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.
- இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.
- படுப்பதற்கு முன் போனைக் கை எட்டாத தூரத்தில் சார்ஜில் போடுங்கள். அலாரம் அங்கிருந்தே அடிக்கும்.
- இரவுப் பணி முடித்து வருபவர்கள் அறையை இருட்டாக்கிக்கொண்டு படுங்கள். "பகல்ல தூங்குறான்" என்று வீட்டில் யாரும் எழுப்பாமல் இருப்பது பெரிய உதவி.

இவை எல்லாம் தூக்கத்தை மேம்படுத்தும். ஆனால் மூச்சு நின்று நின்று வருபவருக்கு இவை மட்டும் போதாது. அவருக்குச் சிகிச்சை வேண்டும்.

இன்றிரவு பக்கத்தில் குறட்டை கேட்டால், காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கேளுங்கள். சத்தம் நடுவில் நிற்கிறதா? எத்தனை நொடி? எண்ணி, போனில் எடுத்து, காலையில் அவரிடம் காட்டுங்கள். கிண்டல் வேண்டாம். "வா, ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டுப் போங்கள்.